நான் சொல்லாத சாட்சி

பெரம்பலூர்ப் பக்கத்து மே மாத வெயிலில் ஸ்வெட்டர் போட்டு அளவு பார்த்த குடும்பம் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். காக்காய் கூட மரத்தை விட்டு இறங்காத மத்தியான நேரத்தில் அம்மா என்னையும் தம்பியையும் கூப்பிட்டு நிறுத்துவாள். பாதி பின்னிய உல்லன் சட்டையை எங்கள் முதுகில் வைத்து இழுத்து இழுத்துப் பார்ப்பாள். கழுத்தெல்லாம் வேர்க்குரு எரியும். தம்பி நெளிவான். "சும்மா நில்லுடா. அங்க போயி குளுருல வெறைக்கிறப்பதான் அம்மா அருமை தெரியும்" என்று அவன் தலையில் ஒரு தட்டு தட்டுவாள். அவனுக்கு நீலம், எனக்கு அரக்கு. அந்த நிறத்தை நானே கேட்டு வாங்கினேன்.

அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தது பள்ளி. அதே காம்பவுண்டுக்குள் கோவில் (சர்ச்சை நாங்கள் கோவில் என்றுதான் சொல்வோம்), வாத்தியார்கள் குடியிருக்கும் ஓட்டு வீடுகள், ஹெட்மாஸ்டர் வீடு எல்லாம் இருந்தன. எண்பதுகளின் தொடக்கம் அது. அதற்கு முந்தின வருடம் இங்கிலாந்திலிருந்து ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்து பள்ளியில் சில வாரங்கள் தங்கிவிட்டுப் போனார்கள். அவர்கள் ஊரில் மிஷனரி ஊழியத்துக்கு ஆள் பயிற்றுவிக்கிற மையம் ஒன்று இருந்ததாம். இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போகிற வெள்ளைக்காரர்கள் அங்கே தங்கி, போகப்போகிற நாட்டின் மொழியையும் பழக்கவழக்கத்தையும் படித்துக்கொண்டு போவார்கள். தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், குடும்பத்தோடு வந்தால் இன்னும் நல்லது, ஒரு வருடம் இருந்தால் போதும் என்று அப்பாவைக் கேட்டார்கள். பள்ளிக்கூடம் லீவு மட்டும் கொடுக்க வேண்டும், மற்றதையெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அப்பாவுக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர். பண்ணை வீட்டு வாசலுக்குப் போனால் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியேதான் நிற்க வேண்டும். அந்தப் பண்ணை வீட்டில் எல்லோரும் அதுவரை ஏரோப்ளேனை அண்ணாந்து பார்த்ததோடு சரி. இப்போது அந்தக் கூலிக்காரரின் மகன் பெண்டாட்டி பிள்ளைகளோடு அதில் ஏறப் போகிறார். அப்பா அந்த நாட்களில் நடந்தால் செருப்புச் சத்தமே வேறு மாதிரி கேட்டது. எனக்கும் பெருமையாக இருந்தது. அவரை இப்போதும் அந்த நடையோடு நினைத்தால் கோபம் கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது. அப்புறம் மற்றது ஞாபகம் வந்துவிடும்.

அந்த மார்ச்சிலேயே, முழுப் பரீட்சை லீவு விடுவதற்கு முன்னால், பாஸ்போர்ட்டுக்காகப் பெரம்பலூர் டவுனில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டோம். நாங்கள் நாலு பேரும் சேர்ந்தும் ஒரு படம். போட்டோக்காரர் என் தாடையைத் தொட்டுத் திருப்பி, "லண்டன் போற புள்ள இப்புடியா மொறைக்கிறது, சிரிம்மா" என்றார். சிரித்தேன். அந்தப் படத்தில் என் பல் எல்லாம் தெரியும். மறுநாள் வகுப்பில் நான் போகப்போவதைச் சொல்லாத ஆள் பாக்கியில்லை. ஒருத்தி பனிக்கட்டி கொண்டுவரச் சொன்னாள். இன்னொருத்தி வெள்ளைக்காரப் பொம்மை கேட்டாள். எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. நான் பத்தாம் வகுப்புக்கு வந்தேன், தம்பி நாலாவது. ஆகஸ்டில் பயணம். தம்பியின் நீல ஸ்வெட்டர் கை, கழுத்து எல்லாம் முடிந்து பெட்டிக்குள் போய்விட்டது. என்னுடையது அக்குளோடு நின்றது. எப்போது கேட்டாலும் அம்மா, "உல்லன் நூலு பத்தலடி. வரட்டும் பாப்போம்" என்பாள். எங்கிருந்து வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வெள்ளைக்கார அம்மாள் அனுப்புவாள் என்று நானே நினைத்துக்கொண்டேன். பின்னல் ஊசி இரண்டும் அரக்குச் சட்டையில் குத்தியபடியே அலமாரி மேல் தட்டில் கிடந்தன.

ஜூலைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு வழியனுப்பு ஆராதனை வைத்தார்கள். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. தூரப் பயணம் போகிறவர், நோய் தீர்ந்தவர், பிள்ளை பெற்றவர் எல்லோரும் முன்னால் வந்து சாட்சி சொல்ல வேண்டும். ஆண்டவர் தனக்கு என்ன செய்தார் என்று சபைக்குச் சொல்வதுதான் சாட்சி. சாட்சி சொல்கிறவரை யாரும் குறுக்கே பேசி நிறுத்தக் கூடாது. அவர் மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்திலெல்லாம் பாயில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் பக்கமிருந்து "ஸ்தோத்திரம்" என்று ஒரே குரலில் வரும். அது பழக்கத்தில் வருவது, அர்த்தம் பார்த்து வருவதல்ல. ஒரு முறை ஒரு பெரியவர், "போன வாரம் என் எருமை செத்துப்போச்சு" என்று சொல்லித் தொண்டையைச் செருமினார். அதற்கும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நானும் தம்பியும் வயிறு வலிக்கச் சிரித்து அம்மாவிடம் கிள்ளு வாங்கினோம்.

அன்றைக்கு அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் முன்னால் போய் நின்றார். தன் அப்பா கூலி வேலை செய்ததிலிருந்து ஆரம்பித்தார். மிஷன் போர்டிங்கில் கூழ் குடித்துப் படித்தது, வாத்தியார் ஆனது, இப்போது இந்த அழைப்பு. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று பெண்கள் சொல்லிக்கொண்டே வந்தார்கள். அப்புறம் அப்பாவின் குரல் தழுதழுத்தது.

"ஒரு தகப்பனுக்கு இதைவிட என்ன பாக்கியம் வேணும்? 'அப்பா, நான் வரலப்பா. நீங்க மூணு பேரும் ஊழியத்துக்குப் போயிட்டு வாங்க. நான் இங்கேயே ஆண்டவர் பாதத்துல இருந்து படிக்கிறேன்'னு அந்தப் பிள்ளை சொன்னப்ப..."

உதாரணக் கதை என்று நினைத்தேன். பிரசங்கம் செய்கிறவர்கள் நடுவில் எங்கோ யாருக்கோ நடந்த கதை ஒன்று சொல்வார்கள் இல்லையா, அப்படி. அந்தப் பெண்ணை நினைத்து எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. அப்போதுதான் என் பக்கத்தில் இருந்த சபை அக்கா ஒருத்தி என்னைக் கட்டிப்பிடித்து என் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

அம்மா மட்டும் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

போதகர் என்னை முன்னால் கூப்பிட்டார். கால் நடந்தது, நான் நடந்ததாக ஞாபகம் இல்லை. முழங்காலில் நிறுத்தி, என் தலைமேல் கை வைத்து ஜெபித்தார். பைபிளில் தன் பிள்ளையைத் தேவாலயத்தில் விட்டுவிட்டுப் போன தாயின் கதை எங்களுக்கு ஞாயிறு பள்ளியிலிருந்தே மனப்பாடம். அதையும் சேர்த்துச் சொன்னார். அதில் அந்தப் பிள்ளையிடம் யாராவது கேட்டார்களா என்று அன்றைக்குத்தான் முதல் முதலாக யோசித்தேன். விக்கி விக்கி அழுதேன். அதைப் பார்த்து சபை முழுக்க அழுதது. நான் எதற்கு அழுதேன் என்பது எனக்கும் என் அப்பா அம்மாவுக்கும் மட்டும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "நான் எப்பப்பா அப்புடிச் சொன்னேன்?"

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. "நீ வாயால சொல்லலன்னா என்ன, உன் மனசு அப்பாவுக்குத் தெரியாதா? பத்தாவது பரீட்சை வருது. அங்க வந்தா படிப்பு என்னாவுறது? யோசிச்சா நீயே இதத்தான் சொல்லிருப்ப."

"நான் சொல்லல."

"சபைக்கு முன்னாடி சொன்னது சொன்னதுதான். இனிமே மாத்தினா ஆண்டவருக்குக் குடுத்தத திருப்பி வாங்குன மாதிரி."

அடுப்படிக்குப் போனேன். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன். அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயத்துக்கு வந்ததா என்று சொல்ல முடியாது. "ஒரு வருசம்தானடி, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துருவோம்" என்றாள். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அறுக்கிறவர்கள் இவ்வளவு மெதுவாகப் பேசுவார்கள் என்று தெரியாது.

தம்பியிடம் சொல்லலாம் என்றால் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒன்பது வயதுப் பையன். அப்பா சொன்னதைக் கோவிலில் அவனும் கேட்டிருக்கிறான். நான்தான் அவனோடு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன் என்று அவனுக்குக் கோபம். அது அப்போது எனக்குப் புரியவில்லை. ஊர் போகிற மிதப்பில் இருக்கிறான் என்று நானும் பேசாமல் விட்டுவிட்டேன்.

அரியலூர் ஸ்டேஷனில் மெட்ராஸ் வண்டி ஏற்றிவிடச் சபையிலிருந்து பாதிப் பேர் வந்திருந்தார்கள். அப்பாவுக்கு மாலை. எனக்கும் ஒரு மாலை. பயணம் போகாதவளுக்கு எதற்கு மாலை என்று யாரும் கேட்கவில்லை. வண்டி நகர்ந்தபோது அம்மா ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டினாள். மாலை இரண்டு கையையும் அடைத்துக்கொண்டிருந்தது என்று சாக்குச் சொல்லிக்கொள்ளலாம். உண்மை என்னவென்றால் பிடிக்கப் பிடிக்கவில்லை.

அங்கிருந்தே போர்டிங்கில் கொண்டுபோய் விட்டார்கள். அரியலூரில் பெண்கள் போர்டிங். துவைத்துக் காயப்போட்ட பாவாடையை எடுத்து உதறினால் சிமெண்ட் தூசி பறக்கும். சுண்ணாம்புக்கல் லாரிகள் நாள் முழுக்கப் போய்வந்துகொண்டிருந்தன. எனக்கு முன்பே என் கதை அங்கே வந்து சேர்ந்திருந்தது. பிள்ளைகள் எனக்குத் "தியாகி" என்று பெயர் வைத்தார்கள். சாப்பாட்டு வரிசையில் நின்றால், "தியாகிக்கு வழி வுடுங்கடி, பென்சன் வாங்கப் போவுது" என்பார்கள். அதுகூடப் பரவாயில்லை, சிரித்துவிடலாம். போர்டிங் அம்மா (எங்களை மேய்க்கும் வார்டனை அப்படித்தான் கூப்பிடுவோம்) சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "எல்லாத்தையும் ஆண்டவருக்குக் குடுத்த புள்ள, நீயே இட்லி பத்தலன்னு கேக்கலாமா?" என்பார். தியாகம் செய்தவளுக்குப் பசிக்கக் கூடாது, கோபம் வரக் கூடாது, தலைவலிகூட வரக் கூடாது. ஊருக்கெல்லாம் ஒரு விதி, எனக்கு வேறு விதி.

வீட்டுக்குக் கடிதம் எழுதினால் போர்டிங் அம்மா படித்துப் பார்த்த பிறகுதான் தபாலில் போகும். அதனால் நலம், நலமறிய ஆவல், பரீட்சையில் நல்ல மார்க். அங்கிருந்து அம்மாவும் அதே மாதிரிதான் எழுதினாள். அப்பா கடிதங்களில் மரம், புல்வெளி, ஆராதனை எல்லாம் இருக்கும். தம்பி எனக்கு ஒரு வரி எழுதவில்லை. "அவன் ரொம்ப பிசி" என்று அம்மா எழுதினாள். நாலாம் வகுப்புப் படிக்கிறவனுக்கு என்ன பிசி?

கிறிஸ்மஸ் லீவுக்குப் போர்டிங்கை மூடிவிட்டார்கள். எங்கள் காம்பவுண்டுக்கே வந்து ஹெட்மாஸ்டர் வீட்டில் தங்கினேன். நாலு வீடு தள்ளி எங்கள் வீடு பூட்டிக் கிடந்தது. ஹெட்மாஸ்டர் சம்சாரம் நல்ல மனுஷி, மனதில் ஒன்றும் தங்காது, வாயிலும் தங்காது. அதிரசம் சுட உட்கார்ந்தோம். நான் தட்டித் தட்டிக் கொடுக்க அவர் எண்ணெயில் போட்டுக்கொண்டே பேசினார்.

"நீ ஒத்துக்கலன்னா ஒங்கப்பா இந்நேரம் இங்கதாம்மா சாக்பீஸப் புடிச்சிக்கிட்டு நின்னுருப்பாரு."

"என்ன அத்தை சொல்றீங்க?"

"தெரியாத மாதிரி கேக்குற? மின்ன ஒரு வாத்தியாரு இதே மாதிரி குடும்பத்தோட வெளிநாட்டுக்குப் போனவரு அங்கேயே தங்கிட்டாரு. பள்ளிக்கூடக் கமிட்டிக்காரங்களுக்கு அந்தச் சூடு இன்னும் ஆறல. ஒங்கப்பா லீவு கேட்டப்ப, ஒரு புள்ளய இங்க வுட்டுட்டுப் போனா லீவு தரோம்னாங்க. கன்னுக்குட்டியக் கட்டிப்போட்டா மாடு எங்க போவப் போவுது? ஒங்கப்பா அந்த எடத்துலயே சரின்னுட்டாரு. எம்பொண்ணு ஒத்துக்கிட்டான்னு அவருதான சொன்னாரு."

"எப்பங்க?"

"பள்ளிக்கூடம் தொறந்த ஒடனேயே. ஜூனு மாசம்." அதிரசத்தைத் திருப்பிப் போட்டார். "ஏம்மா, ஒங்கிட்ட கேக்கலியா?"

கேட்டார்கள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. என் அப்பாவை வேறொருவர் முன் பொய்யராக்க அன்றைக்கு வாய் வரவில்லை போலிருக்கிறது. அவர் என் வாயைக் கடன் வாங்கிக்கொண்டபோது இப்படியெல்லாம் யோசிக்கவில்லை.

சாயங்காலம் எங்கள் வீட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தேன். ஜூன் மாதம் என்றால் ஸ்வெட்டர் நின்ற மாதம். அப்படியானால் அம்மாவுக்கு அன்றைக்கே தெரியும். ஜூனிலிருந்து ஜூலைக் கடைசி வரை என் தலைவாரிப் பின்னிவிட்டாள், சோறு போட்டாள், லண்டனில் எந்தப் பாவாடையைப் போடுவது என்று நான் கேட்டதற்குப் பதிலும் சொன்னாள். முழுப் பூசணிக்காயை என் சோற்றிலேயே மறைத்துப் பரிமாறியிருக்கிறாள்.

எனக்கு அன்றைக்கு வந்த கோபம் விட்டுவிட்டுப் போனதற்கு அல்ல. கூப்பிட்டு உட்கார வைத்து, "கண்ணு, கமிட்டியில இப்படிக் கேக்குறாங்க, ஒருத்தர் இருந்தாத்தான் நாங்க போவ முடியும், நீ பெரியவ, நீ இருக்கியா?" என்று கேட்டிருந்தால் அழுதிருப்பேன். இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருப்பேன். அப்புறம் இருக்கிறேன் என்று சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். அப்போது அது என் வார்த்தையாக இருந்திருக்கும். அவர்களுக்குப் பிள்ளையும் வேண்டாம், பிள்ளை சம்மதமும் வேண்டாம், சம்மதித்த பிள்ளை என்ற பேர் மட்டும் வேண்டியிருந்தது.

பத்தாவது பரீட்சை எழுதினேன், தேறினேன். மறு ஆகஸ்டில் அவர்கள் சொன்னபடியே திரும்பி வந்தார்கள். கன்றுக்குட்டி கட்டிய இடத்திலேயே நின்றது, மாடு வந்துவிட்டது, கமிட்டிக்குத் திருப்தி.

ஸ்டேஷனில் அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு இறங்கினார். அம்மா கொஞ்சம் வெளுத்து, சதை போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "என்னடி இவ்வளவு ஒசரமாயிட்ட" என்று கட்டிக்கொண்டாள். அவள் மேல் வேறு ஏதோ சோப்பு வாசனை. தம்பி மட்டும் பெட்டிக்குப் பின்னால் நின்றான். கிட்டே போய்த் தலையைத் தடவினேன், விலகினான்.

காம்பவுண்டுக்கு வந்து இரண்டு மூன்று நாள் கழித்து, கிணற்றடியில் பல் விளக்கும்போதுதான் வாயைத் திறந்தான். "நீ ஏன்க்கா எங்ககூட வரமாட்டேன்னு சொன்ன?"

"யாருடா சொன்னா?"

"அப்பாதான் கோயில்ல சொன்னாரே. அங்கயும் எல்லார்ட்டயும் சொன்னாரு. நான் உன்கிட்ட என்ன பண்ணேன்? உன் பென்சில ஒடச்சதுக்கா?"

பென்சில் எனக்கு ஞாபகமே இல்லை. ஒரு வருடமாக, கடல் தாண்டிப் போய், அந்தக் குளிரில் இந்தப் பையன் ஒரு உடைந்த பென்சிலை நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். பிரஷ்ஷும் கையுமாக நின்றேன். நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். "அப்பா பொய் சொல்ல மாட்டாரு" என்றான். வாயைக் கொப்பளித்துவிட்டுப் போய்விட்டான். அப்பா என்னிடமிருந்து எதையெல்லாம் எடுத்துக்கொண்டாரோ அதில் பெரியது எது என்று அன்றைக்குக் காலையில்தான் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நன்றி ஆராதனை. கோவில் சுவரில் வெள்ளை வேட்டி கட்டி ஸ்லைடு படம் காட்டினார்கள். பச்சைப் புல்வெளி, செங்கல் கட்டடம். அப்பா கரும்பலகையில் அ, ஆ எழுதுகிறார். எதிரே வெள்ளைக்காரர்கள் தரையில் சம்மணம் போட முடியாமல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மா ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்குச் சேலை கட்டிவிடுகிறாள். கோவிலில் ஒரே சிரிப்பு. அடுத்த படம் பனி. தம்பி நீல ஸ்வெட்டரில் நிற்கிறான். தலையில் அரக்குக் குல்லா, கையில் அரக்குக் கையுறை, கழுத்தில் அரக்கு மஃப்ளர். உல்லன் நூல் பத்தாமல் போகவில்லை.

கடைசிப் படத்தில் அந்த மையத்தின் சாப்பாட்டு அறைச் சுவர். பெரம்பலூர் ஸ்டுடியோவில் நாங்கள் நாலு பேரும் எடுத்த படத்தை மாட்டியிருந்தார்கள். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன். "இவள் தன்னை ஒப்புக்கொடுத்த கதையை அங்கே சொன்னேன். தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் இவளுக்காக ஜெபித்தார்கள்" என்றார் அப்பா. ஸ்தோத்திரம் என்றது பெண்கள் பக்கம். விளக்கைப் போட்டார்கள். போதகர் என்னைப் பார்த்துச் சிரித்து, "மகளே, நீயும் வந்து ஒரு சாட்சி சொல்லும்மா" என்றார்.

அப்பா எனக்கு முந்தின நாளே சொல்லிக்கொடுத்திருந்தார். "ஒரு வருசம் ஆண்டவர் தாய் தகப்பனா இருந்து காத்தாருன்னு சொல்லு. அது போதும்." சரி என்றுதான் எழுந்தேன். முன்னால் போய்த் திரும்பினால், தம்பி முதல் பாயில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சாட்சி சொல்கிறவரை யாரும் குறுக்கே பேசி நிறுத்தக் கூடாது. அப்பாவுக்கு உதவிய வழக்கம் எனக்கும் உதவட்டும் என்று நினைத்தேன்.

"அப்பா போன வருசம் இங்க சொன்னத நான் சொல்லல" என்றேன். "எனக்குப் போவணும்னுதான் ஆசை. என்கிட்ட யாரும் கேக்கல. தம்பிய விட்டுட்டு இருக்கேன்னு நான் சொல்லவே இல்ல."

மூச்சு வாங்க நிறுத்தினேன்.

"ஸ்தோத்திரம்" என்றார்கள் பெண்கள், ஒரே குரலில்.

எருமை செத்ததற்கு ஸ்தோத்திரம் கேட்டுச் சிரித்தவள்தான் நான். அப்பா எழுந்து வந்து என் தோளில் கை போட்டார். கை சில்லென்று இருந்தது. முகம் சிரித்துக்கொண்டிருந்தது. "பாருங்க, பிள்ளைக்குத் தன்னை உயர்த்திப் பேசுறது பிடிக்கல. தான் செஞ்ச தியாகத்தத் தான் செஞ்சேன்னு சொல்லிக்கக்கூட மனசு வரல. இந்தத் தாழ்மையை ஆண்டவர்தான் கொடுத்திருக்கிறார்."

ஸ்தோத்திரம். இந்த முறை ஆண்கள் பக்கத்திலிருந்தும் வந்தது. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல் தடவை அப்பா என்னிடம் கேட்காமல் என் வாயில் ஒரு வார்த்தையை வைத்தார். இந்தத் தடவை நான் சொன்ன வார்த்தையை என் வாயிலிருந்தே எடுத்துக்கொண்டார். இரண்டாவதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

வீட்டுக்கு வந்தோம். அம்மா நாலு பேருக்கும் தட்டு வைத்துச் சோறு போட்டாள். ரசம் ஊற்றும்போது அம்மாதான் ஆரம்பித்தாள். "சொன்னதுதான் சொன்ன, வூட்டுல எங்ககிட்ட சொல்லிருக்கலாம்ல. ஊரு முன்னாடியா சொல்லுவ?"

"அப்பாவும் ஊரு முன்னாடிதானம்மா சொன்னாரு."

அம்மா கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்டாள். அப்பா தலை குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிசைந்தது போதாது என்பது போல மறுபடியும் பிசைந்தார்.

தம்பி என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்பா, அக்கா வர மாட்டேன்னு சொல்லவே இல்லியா?"

"சாப்புடு" என்றார் அப்பா.

அவன் சாப்பிடவில்லை. தட்டைத் தரையோடு இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில், முழங்கால் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தான். அங்கிருந்து அப்பாவைப் பார்த்து மறுபடி கேட்டான்.

"அப்ப யாருப்பா சொன்னா?"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. கோவிலாக இருந்திருந்தால் அந்த இடைவெளியில் யாராவது ஸ்தோத்திரம் சொல்லியிருப்பார்கள்.